மக்கள் பெயரால் ஒரு மண்டபம்

கலை மக்களுக்கே உரியது என்னுங் கருத்தை முற்போக்கு இலக்கிய அணியினர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்துள்ளனர். தந்தக் கோபுரத்திற் குடியிருக்கும் கலையை மக்களிடத்துக் கொண்டுவருதல் வேண்டும். பாடுபடுவோன் கண்டு தெளியுமாறு அது அமைதல் வேண்டும் என்பன நமக்குப் பழகிய வாசகங்கள். ஆயின் கலைஞன் கலைஞனுக்காகப் படைப்பதில்லை, மக்களுக்காகவே படைக்கிறான், ஆதலின் மக்களே கலைக்கு நீதிபதிகள் ஆகுக என்று மானிட வரலாற்றின் மிகக் கொடிய ஆட்சியாளன் ஒருவனும் கூறியுள்ளான். கூறியதோடமையாது அக்கூற்றுக்கென ஒரு பெருமண்டபத்தையே எழுப்பினான். அம்மண்டபம் ஜேர்மனியின் மியூனிச் நகரில் இன்றும் நிற்கின்றது. 'ஜேர்மன் கலை இல்லம்' என்பது அதன் பழைய பெயர். 'கலை இல்லம்' என்பது இன்றைய பெயர். அதனைச் சென்று கண்ட நமக்கு எழுந்த கேள்வி இதுதான்: நாம் சொல்லும் மக்கள் கலைக்கும் அவன் சொன்ன மக்கள் கலைக்கும் வேறுபாடு யாது? இக்கேள்விக்கு விடை காணாது 'மக்கள் கலை' என்னுஞ் சொல்லைக் கையாளுதல் நமக்குத் தகாது. அம்மண்டபத்தின் வரலாறே அவ்விடையை நமக்குத் தரவல்லது.

மியூனிச் நகரின் புகழ்பெற்ற ஆங்கிலப் பூங்காவின் தென் எல்லையில், அகன்ற பெருவீதியொன்றின் ஓரமாக மண்டபம் அமைந்துள்ளது. அதன் முகப்பு 175 மீற்றர் நீளமுடையது. ஒரே அளவினவாய், ஒரே இடைவெளியினவாய் நிரைநிரையாக நிற்கும் கற்றூண்கள் அணிவகுத்த படையை நினைவூட்டுவன. பண்டைக் கிரேக்கக் கோயில்களின் சாயலை மேற்கொண்டதாயினும், அக்கோயில்களின் தூண்களிற் காணும் மெல்லிய வளைவும் உயிர்ப்பும் இங்கில்லை. படியேறி அத்தூண்களிடையே நிற்பவனுக்குத் தன் உருவம் சிறுத்துவிட்டதென்ற உணர்வு தோன்றும். அவ்வுணர்வை ஊட்டுவதே கட்டியோரின் கருத்துமாகும். அண்ணாந்து நோக்கினால், தூண் வரிசைக்கு மேலுள்ள கூரையடியில் சுவஸ்திகா வடிவத்தைப் பின்னலாகக் கொண்ட ஒட்டுச்சித்திர வேலைப்பாடு இன்றும் தென்படும்.

கல்லாலான கோயில்போற் காட்சி தரும் இக்கட்டிடத்தின் உள்ளெலும்பு உருக்காலானது. நவீன கைத்தொழிலின் உருக்குச் சட்டகத்தின் மேற் பழமையின் கற்போர்வையைப் போர்த்தியிருக்கின்றனர். இயந்திரத்தையும் பெருமுதலையும் அடித்தளமாகக் கொண்டு, வெளியே மண், இரத்தம், தொன்மை என்று பேசிய ஆட்சியின் இயல்பை இதனினும் நன்கு விளக்கும் சான்று வேறு வேண்டுவதில்லை. மியூனிச் மக்களோ இதன் பெருமிதத்தைக் கண்டு மயங்கினாரல்லர். தம் ஊரின் பெயர்பெற்ற வெண்ணிறக் கொத்திறைச்சிப் பண்டத்தை நினைந்து, நீண்டு வெளுத்த இத்தூண் வரிசைக்கு அப்பண்டத்தின் கோயில் என்று பெயரிட்டு நகைத்தனர். வாய் திறக்க அஞ்சிய காலத்தும் மக்கள் விமரிசனம் ஏதேனுமொரு துளை வழியாக வெளிப்படவே செய்கின்றது.

இம்மண்டபம் தோன்றிய வரலாறு சுவையானது. மியூனிச்சில் அதற்கு முன்னர் கண்ணாடி மாளிகை என்றொரு கண்காட்சிக் கூடம் இருந்தது. 1931ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி அது தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 3,000 கலைப்படைப்புக்கள் அதனோடு அழிந்தன. கலைஞர்க்குக் காட்சிக் கூடம் இன்றியமையாத நிலையில், 1933இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஹிட்லர், இத்தேவையைத் தன் தேவையாக மாற்றிக்கொண்டான். ஓவியனாக வேண்டுமென விரும்பி வியன்னாவின் கலைக் கழகத்தால் இருமுறை தள்ளப்பட்டவன் அவன். தனக்குப் பிரியமான கட்டிடக் கலைஞர் போல் லூட்விக் ட்ரோஸ்ட் என்பாரிடம் வேலையை ஒப்படைத்தான். அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி அடிக்கல் நாட்டு விழா நிகழ்ந்தது. ஹிட்லர் வெள்ளிச் சுத்தியலாற் கல்லைத் தட்டியபோது சுத்தியல் முறிந்து போயிற்று. மூன்று மாதங்கள் கடந்த சில நாட்களில் ட்ரோஸ்டும் இறந்தார். சகுனம் பார்ப்போர்க்கு அதுவே போதும். சகுனத்தை நம்பாத நமக்கு வேண்டுவது வேறு: கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே.

பணம் மக்களிடமிருந்து வரவில்லை. மக்களுக்கான கலைக்கோயில் என்று பறைசாற்றப்பட்ட இம்மண்டபத்துக்கு நிதி வழங்கியோர் ஜேர்மனியின் பெருங்கைத்தொழில் அதிபர்களும் வங்கியாளருமேயாவர். குறுப், சீமன்ஸ் முதலிய பெயர்கள் கொடையாளர் வரிசையில் இடம்பெற்றன. நிதி திரட்டும் பணிக்குத் தலைமை தாங்கியவர் மியூனிச் வங்கியாளர் ஓகஸ்ட் வொன் பிங்க். கொடை வீண்போகவில்லை. யூதருக்குரிய வங்கிகள் பறிக்கப்பட்ட காலத்தில், பேர்லினிலிருந்த டிறைபஸ் வங்கியும் வியன்னாவிலிருந்த ரொத்சைல்ட் வங்கியும் இவரது நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. கலைக்கு ஈந்த கை எதனை வாங்கிற்று என்பதை நோக்கின், ஈகையின் பொருள் தானே விளங்கும்.

1937ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் திகதி மண்டபம் திறக்கப்பட்டது. 'ஈராயிரம் ஆண்டு ஜேர்மன் பண்பாடு' என்ற பெயரில் நகரெங்கும் அலங்கார ஊர்வலம் சென்றது. 'மாபெரும் ஜேர்மன் கலைக் கண்காட்சி' என்னும் முதற் கண்காட்சிக்குப் படைப்புக்களைத் தெரிவு செய்யக் குழுவொன்று நியமிக்கப்பட்டிருந்தது. அக்குழுவின் தெரிவைப் பார்வையிட்ட ஹிட்லர் சினங்கொண்டு அதனைக் கலைத்தான். தெரிவுப் பொறுப்பைத் தன் சொந்தப் புகைப்படக்காரனான ஹொப்மனிடம் கொடுத்தான். மக்களே நீதிபதிகள் என்று முழங்கியதும் இவ்விழாவிலேதான். விளக்கவுரையின்றி விளங்காத படைப்பு இனி மக்களைச் சென்றடையாது என்றான். வானத்தைப் பச்சையாகவும் புல்வெளியை நீலமாகவும் தீட்டுவோர் உண்மையிலேயே அவ்வாறு காண்பராயின், அக்கண்குறை பரம்பரையாகத் தொடராது தடுப்பது உள்நாட்டமைச்சின் கடமை என்றான். வேண்டுமென்றே செய்வராயின் அது குற்றவியல் நீதிமன்றத்துக்குரியது என்றான். இதனை வெறும் மேடைப் பேச்செனக் கொள்ளலாகாது. பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டோரைப் பலவந்தமாக மலடாக்குஞ் சட்டம் 1933ஆம் ஆண்டு ஜூலையிலேயே இயற்றப்பட்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தோர் அனைவர்க்கும் சொல்லின் பொருள் நன்கு தெரியும்.

மக்கள் எவ்வாறான நீதிபதிகளாக வைக்கப்பட்டனர் என்பதையும் காண்போம். இதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், 1936 நவம்பரில், கலை விமரிசனத்தையே தடைசெய்து பிரசார அமைச்சர் கோயபெல்ஸ் ஆணை பிறப்பித்திருந்தான். பத்திரிகைகள் கண்காட்சிகளைப் பற்றிச் செய்தி கூறலாம். நன்று, தீதென ஆராய்தலாகாது. 1933இல் அமைக்கப்பட்ட பண்பாட்டுச் சபையில் உறுப்பினரல்லாதார் தூரிகை பிடித்துத் தொழில் செய்தல் இயலாது. யூதர் உறுப்பினராதலும் இயலாது. சான்றுகளை மறைத்து, வழக்குரைஞர் வாயை அடைத்து, தீர்ப்பை முன்னரே எழுதிவைத்து, அதன் கீழ்க் கையொப்பமிட மட்டும் அழைக்கப்பட்ட நீதிபதிகளே அம்மக்கள்.

அவர்களுக்குக் காட்டப்பட்ட கலை எத்தகையது? 1937 தொடக்கம் 1944 வரை ஆண்டுதோறும் எட்டுக் கண்காட்சிகள் இங்கு நடைபெற்றன. மலைச்சாரல்கள், வயலுழும் மாடுகள், தாலாட்டுந் தாயர், கட்டுடல் வீரர், நாணமற்று நிற்கும் நிருவாண மங்கையர் என்பனவே பெரும்பாலும் அவற்றை நிறைத்தன. 1939இல் இங்கு வைக்கப்பட்ட அடொல்ப் விஸ்ஸெலின் குடியானவர் குடும்பச் சித்திரம் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. துப்புரவான உடை, தெளிந்த முகம், அடக்கமான குழந்தைகள் அனைத்தும் அதிலுண்டு. அவர்தங் கடன் எவ்வளவு, நிலம் யாருக்குரியது, அவர்கள் பையன் எந்தப் போர்முனைக்குப் போகவிருக்கிறான் என்பன அதில் இல்லை. ஆலைத் தொழிலாளியின் பசி இல்லை. மண்டபத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்குட்பட்ட தூரத்தில், 1933 மார்ச்சு முதல் இயங்கி வந்த டாஹௌ வதைமுகாம் இல்லை. விளங்காத ஓவியம் ஒன்றுகூட இங்கிருந்திராது; எல்லாம் எளிதில் விளங்குவன. ஆயின் எளிதில் விளங்கிய அவ்வோவியங்களைக் கொண்டு தம் வாழ்வை விளங்கிக்கொள்ள மக்களால் இயலவில்லை. எளிமை வேறு, உண்மை வேறு என்பதை இம்மண்டபத்தின் வெறுஞ் சுவர்கள் நமக்கு இன்றும் உணர்த்துகின்றன.

மண்டபந் திறந்த மறுநாள், சில நூறு மீற்றர் தொலைவில், அரண்மனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய கட்டிடமொன்றில் வேறொரு கண்காட்சி திறந்துவைக்கப்பட்டது. 'சீரழிந்த கலை' என்பது அதன் பெயர். நாமும் அத்தோட்டம் வரை நடந்து சென்றோம். ஆறுதலாக நடப்பவர்க்குப் பத்து நிமிட வழியே. பொது நூதனசாலைகளிலிருந்து நவீன ஓவியங்களைப் பறித்துவர, கலைச்சபைத் தலைவன் சீக்லர் என்பானுக்கு 1937 ஜூன் இறுதியிலேயே அதிகாரம் வழங்கப்பட்டது. மூன்று வாரத்துக்குள் 32 நூதனசாலைகளிலிருந்து 600க்கு மேற்பட்ட படைப்புக்கள் வந்து குவிந்தன. ஒடுங்கிய படிக்கட்டால் மக்களை ஏறச்செய்து, இருண்ட சிற்றறைகளில் ஓவியங்களை நெருக்கியுங் கோணலாகவும் மாட்டிச் சுவரெங்கும் ஏளன வாசகங்களை எழுதினர். நூதனசாலைகள் அவற்றுக்குக் கொடுத்த விலையையும் அருகே பொறித்தனர். அவற்றுட் பல பணவீக்கம் தலைவிரித்தாடிய காலத்தில் வாங்கப்பட்டவை. 1923இல் ஒரு பாண் வாங்கவே கோடிக்கணக்கான மார்க் வேண்டியிருந்தது. அதனைக் கூறாது எண்ணை மட்டும் எழுதி, உன் வரிப்பணம் பாழாயிற்று என்று உழைப்பாளியின் நியாயமான கோபத்தை ஓவியனின் மீது திருப்பிவிட்டனர். பணவீக்கத்தால் அவன் சேமிப்பை விழுங்கியோர் அப்பாலிருந்த கற்றூண் மண்டபத்தின் கொடையாளர் வரிசையில் வீற்றிருந்தனர்.

அங்கு தொங்கிய படைப்புக்களுள் ஓட்டோ டிக்ஸ் 1920இல் தீட்டிய 'போர் முடவர்கள்' ஒன்று. முதலாம் உலகப் போரிற் காலிழந்து முகஞ் சிதைந்த படைவீரர் நால்வர் வீதியில் நிரையாகச் செல்லும் காட்சி அது. தாமே போர்முனையில் நின்ற டிக்ஸின் மீது படைவீரரை இழிவுபடுத்தினார் என்று பழி சுமத்தினர். படைவீரனை முடமாக்கியது குற்றமன்று, முடமாக்கப்பட்டவனைத் தீட்டியதே குற்றம் என்பது இத்தீர்ப்பின் சாரம். ஈராண்டு கழிந்து அடுத்த போர் தொடங்கியபோது, அவ்வோவியம் ஏன் மறைக்கப்பட வேண்டியிருந்தது என்பது தெளிவாயிற்று.

வேறு சிலரின் கதைகளும் அறியத்தக்கன. பிரான்ஸ் மார்க் 1916இல் வெர்டன் போர்க்களத்தில் இறந்தவர். அவரது நீலக் குதிரைகளின் ஓவியம் ஏளனத்துக்கு வைக்கப்பட்டபோது முன்னாட் படையதிகாரிகளே எதிர்ப்புத் தெரிவித்தமையால் அது அகற்றப்பட்டது. பின்னர் கோயரிங்கின் கைக்குச் சென்று, போர் முடிவில் காணாமற் போயிற்று. எமில் நோல்டே நாஸிக் கட்சியில் உறுப்பினர், யூத வெறுப்பாளர். அவ்விசுவாசம் அவருக்கு உதவவில்லை; அவருடைய 1,000க்கு மேற்பட்ட படைப்புக்கள் பறிமுதலாயின. சிற்பி றூடோல்ப் பெல்லிங் செய்த குத்துச்சண்டை வீரனின் சிலை கற்றூண் மண்டபத்தில் மரியாதையோடு நின்றது. அதே வேளையில் அவருடைய வேறிரு சிற்பங்கள் தோட்டத்தருகே சீரழிவுக்குச் சான்றாக நின்றன. அதிகாரிகள் பிழையைக் கண்டுகொண்டபின் அவ்விரண்டையும் ஓசையின்றி அகற்றினர். யூத குலத்தவரான ஓட்டோ பிறாய்ந்த்லிக்கின் சிற்பமொன்று கண்காட்சிக் கையேட்டின் அட்டையில் அச்சிடப்பட்டது. 1943இல் அவர் போலந்திலிருந்த வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொலையுண்டார். சிற்பத்தை ஏளனஞ் செய்ததற்கும் சிற்பியைக் கொன்றதற்கும் இடையே ஆறாண்டுகளே சென்றன.

மியூனிச்சில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் 'சீரழிந்த கலை'யைக் கண்டனர். கற்றூண் மண்டபத்துக்குச் சென்றோர் தொகை இதனினும் மிகக் குறைவு. இதனைக் கொண்டு, மக்கள் மறைமுகமாக நவீன கலையை ஆதரித்தனர் எனச் சிலர் எழுதுவர். அது நம் மனத்துக்கு ஆறுதல் தரும் முடிவாயினும் ஏற்கத்தக்கதன்று. நுழைவு இலவசம்; பிரசாரம் பலம்; நகைக்க வந்தோர் மிகப் பலர். கடைசி முறையாகக் கண்டுகொள்வோம் என்று நெஞ்சு கனக்க வந்தோரும் உளர். யார் எவ்வளவினர் என்று கூறுவாரில்லை. ஏனெனில் உரக்கப் பேசும் உரிமை நகைக்க வந்தோர்க்கு மட்டுமே இருந்தது. பேச இயலாத கூட்டத்தின் எண்ணிக்கையிலிருந்து மக்கள் தீர்ப்பைக் கணக்கிடல் முடியாது.

பறித்தோர் கலையின் தூய்மையைக் காப்பவராகவும் நடந்துகொண்டாரல்லர். 1938 மே மாதம் பறிமுதலைச் சட்டமாக்கினர். நல்ல விலை போகக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து 1939 ஜூன் 30ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் ஏலத்தில் விற்று அந்நியச் செலாவணி ஈட்டினர். விலைபோகாதனவற்றுள் ஏறத்தாழ 5,000 படைப்புக்கள் அவ்வாண்டு மார்ச்சில் பேர்லின் தீயணைப்பு நிலைய முற்றத்தில் எரிக்கப்பட்டன என அக்கால ஆவணங்கள் கூறும். சீரழிந்தது என்று தம் மக்களுக்குக் கூறியதையே அந்நியச் சந்தையில் அருங்கலையென விற்றனர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். மக்களுக்கு விளங்குங் கலை வேண்டும் என்ற கோரிக்கையில் மட்டும் முற்போக்கைக் கண்டுவிட முடியாது. அக்கோரிக்கையை யார், எவர் சார்பில், எந்நிலையில் எழுப்புகின்றனர் என்பதே முதன்மையானது. நம் அணிக்குரிய வரலாற்றிலும் இதனை நேர்மையோடு நோக்குதல் வேண்டும். 1936 ஜனவரியில் சோவியத் ஏடான 'பிராவ்தா' இசைமேதை ஷொஸ்தகோவிச்சின் இசைநாடகத்தை மக்களுக்கு விளங்காத குழப்பம் என்று கண்டித்தது. அதனைத் தொடர்ந்து கலைஞர் பலர் வாயடைத்துப் போயினர். பாசிசத்தை வீழ்த்த அளப்பருந் தியாகஞ் செய்த நாடு அது என்பதை மறப்போமல்லோம். ஆயினும் மக்களின் பெயரால் அதிகாரி ஒருவன் தீர்ப்புக் கூறுவது எக்கொடியின் கீழ் நிகழினும் மக்கள் தீர்ப்பாகாது. மக்கள் தீர்ப்பென்பது அவர்கள் எல்லாவற்றையும் காணவும், கற்கவும், முரண்படவும், தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொள்ளவும் உரிமை பெற்ற பின்னரே பிறப்பது.

அதே 1937 ஜூலையில் பாரிஸ் நகர உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் கூடம் திறக்கப்பட்டது; மியூனிச் விழாவுக்கு ஆறு நாள் முந்தியது அது. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆந் திகதி ஹிட்லரின் விமானங்கள் குண்டுவீசி அழித்த குவேர்னிக்கா என்னும் சிற்றூரின் ஓலத்தைப் பிக்காசோ அங்குத் தீட்டி வைத்திருந்தார். கண்ணுங் கையும் இடம் மாறிக் கிடக்கும் அவ்வோவியம் எளிதில் விளங்குவதன்று. இறந்த மகவை ஏந்தி அலறுந் தாயை விளங்கிக்கொள்ளாதவரும் இலர். விளங்குதல் என்பது கண்ணோடு முடிவதன்று என்பதற்கு அதுவே சான்று.

1945இல் ஆட்சி வீழ்ந்தது. மண்டபமோ அதிக சேதமின்றித் தப்பியது. அமெரிக்கப் படையினர் அதனைத் தம் அதிகாரிகளின் உணவு விடுதியாக்கினர். தலைவன் நடந்த தளத்திற் கூடைப்பந்தாட்டத்துக்குக் கோடு கீறினர். 1946 ஜூலையில் இங்கு நிகழ்ந்த ஒரு கண்காட்சியே, பள்ளி ஆசிரியரான நம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது. நாஸிகளுக்குத் தப்பி இங்கிலாந்து சென்று மீண்ட யூதப் பெண்மணி யெல்லா லெப்மன், பல நாடுகளிலிருந்தும் சிறுவர் நூல்களை இரந்து பெற்று இம்மண்டபத்திற் பரப்பிவைத்தார். இடிபாடுகளிடையே வளர்ந்த, பசித்த ஜேர்மன் சிறுவர் பிற நாட்டுச் சிறுவரின் கதைகளை முதன்முறையாக இங்கு கண்டனர். 1949இல் மார்க்கும் அவர்தங் கூட்டாளிகளும் தீட்டிய ஓவியங்கள் இதே சுவர்களில் மாட்டப்பட்டன. 1955இல் 'குவேர்னிக்கா' வந்தது. சுமார் 3.5 மீற்றர் உயரமும் 7.8 மீற்றர் நீளமுங் கொண்ட அவ்வோவியத்தை, குண்டுவீசியோரின் தலைவன் கட்டிய மண்டபத்திலே ஜேர்மன் மக்கள் நின்று நோக்கினர். 2016இல், நைஜீரியாவிற் பிறந்த ஒக்வி என்வெசோர் இதன் இயக்குநராயிருந்தபோது, போருக்குப் பிந்திய இருபதாண்டுக் கலையை 65 நாடுகளிலிருந்து திரட்டிக் காட்டினார். கட்டியவனின் இனக்கொள்கை தீண்டத்தகாதெனத் தள்ளிய உலகம் முழுவதும் அதன் கூரையடியிற் கூடிற்று.

போருக்குப் பின்னர், முகப்பை மறைக்குமாறு வீதியோரத்தில் மரங்கள் நடப்பட்டன. அவை இன்று ஓங்கி வளர்ந்துள்ளன. புதுப்பித்தற் பொறுப்பை ஏற்ற கட்டிடக் கலைஞர் டேவிட் சிப்பர்பீல்ட், அவற்றை அகற்றி முகப்பை வெளிக்காட்டலாம் என்றபோது பெருங் கண்டனம் எழுந்தது. நாஸிக் கட்டிடத்தின் பெருமிதத்தை மீட்டளிப்பதா என்றனர் ஒரு சாரார். மரத்தால் மறைத்த வரலாறு மறைந்துவிடுமா என்றனர் மற்றொரு சாரார். நம் கருத்தில் இரண்டாவது கேள்வியே வலியது. இலைகளின் நிழலில் நின்றபோது தூண்கள் நமக்கு அழகாகவே தோன்றின; அவ்வழகே ஆபத்தானது. மண்டபத்தினுள்ளே அதன் பழைய ஆவணங்களைப் பார்வைக்கு வைத்திருப்பது, மரம் செய்யாத பணியைச் செய்கின்றது. எவர் பணம் தந்தார், எவர் தெரிந்தெடுத்தார், எவர் விலக்கப்பட்டார் என்பவற்றை வருவோர் அங்கு படித்தறியலாம்.

மக்கள் கலை பற்றி இனியும் நாம் பேசுவோம்; பேசவே வேண்டும். பாடுபடுவோனுக்கு எட்டாத கலையில் நமக்கு நாட்டமில்லை. ஆயின் எக்கண்காட்சியிலும், எவ்வேட்டிலும், எவ்வகுப்பறையிலும் மக்கள் பெயரால் ஒன்று புகழப்படும்போதும் இகழப்படும்போதும் இம்மண்டபத்தில் எழுப்ப வேண்டியிருந்த கேள்விகளை நாம் எழுப்புதல் கடன்: பணம் யாருடையது? மறுத்துப் பேச இடமுண்டா? படத்தில் இல்லாதவர் யார்? இம்மூன்றுக்கும் மறைவின்றி விடை கிடைக்கும் இடத்திலேதான் மக்கள் நீதிபதிகளாக அமர்ந்திருக்கின்றனர் என நாம் துணிந்து கூறலாம்.